சுவருக்கு வடக்கே

தபாலாபீஸில் முத்திரை குத்தியே ரிட்டையரான தேவானந்தத்துக்கு, தான் பார்த்தேயிராத முப்பாட்டன் சவுரிமுத்து என்றால் உயிர். வெள்ளைக்காரன் காலத்தில் காலராவில் செத்து, சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு வடக்கே அடக்கமானவராம். வடக்கே மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், தெற்கே மற்றவர்கள். செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூசிய ஜென்மங்கள் கட்டிய சுவர் அது. அதைச் சொல்லித்தான் மகள் செல்வமேரியின் கல்யாணத்தை வருஷக்கணக்கில் தடுத்து வைத்திருந்தார்.

அவள் விரும்பிய ஏசுபாதம் அனகாபுத்தூர்க்காரன், தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். “பையன் தங்கம்தாம்மா. ஆனா அவங்க தெக்கே,” என்பார் அப்பா, என்னமோ தொற்றுவியாதியின் பெயரைச் சொல்வதுபோல. அந்த வாயைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

எண்பத்தேழில் ஒருநாள், சொந்த ஊர்க் கோயிலின் பழைய அடக்கப் பதிவேட்டைக் காட்டினால் மகள் வாயடைத்துப் போவாள் என்று கணக்குப் போட்டு, இஸ்திரி வேட்டியோடு அவளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். முப்பாட்டனின் அடையாளமெல்லாம் கோயில் சாமியாரிடம் அவரே சொன்னார்.

சாமியார் தேடி எடுத்து வாசித்தார். “தச்சர் சவுரிமுத்து. காலரா. மனைவி கங்கம்மா, மகன் இன்னாசி.”

“அதான் ஃபாதர். இன்னாசி எங்க தாத்தா.” அப்பா மகளைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“அடக்கம், சுவருக்குத் தெற்கே.”

“எழுதினவன் தப்பா எழுதியிருப்பான் ஃபாதர்.”

“கங்கம்மாவும் தெற்கேதான். செத்துப்போன அவங்க குழந்தைங்க ரெண்டு பேரும்.”

செல்வமேரிக்குப் புரிந்துவிட்டது. பிழைக்கத் தாம்பரம் வந்த இன்னாசி, தன்னைத் தெரியாத ஊரில் வேறு சாதி சொல்லி வாழ்ந்திருக்கிறார். அவர் பயந்து செய்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இந்த மனிதர் ஊரை இளப்பம் பேசியிருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா குரலைத் தாழ்த்தினார். “இது வெளிய வேணாம். நீ அந்தப் பையனையே கட்டிக்க, நான் குறுக்க நிக்கல.”

இந்த வார்த்தைக்காக அவள் எத்தனை ஜெபம் செய்திருப்பாள். இப்போது அது வாய்ப்பூட்டுக்குக் கொடுக்கும் லஞ்சமாக நாறியது.

“உங்க சம்மதம் கிடக்கட்டும்பா. அவங்க சம்மதம் வேணும். நாம யாருன்னு சொல்லிட்டு நீங்களே போய்க் கேளுங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதம் வீட்டில் காபி வைத்தார்கள். தம்ளரைத் தொடாமல், தரையைப் பார்த்தபடி, அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். செல்வமேரிக்குத் துளி இரக்கமும் வரவில்லை.

ஏசுபாதத்தின் அப்பா தலையை ஆட்டினார். “தெரியும் சார். எங்க தாத்தாவும் அந்த ஊருதான், இன்னாசிக்குக் கூட்டாளி. நாங்க சொன்னா உங்க மூஞ்சி சுருங்கிடும்னுதான் இத்தினி நாளா சும்மா கீறோம். பொண்ணக் குடுங்க, சந்தோஷம். காபி ஆறிப்போவுது, குடிங்க.”