இன்னும் கரகரக்குது

என் வீட்டுக்காரர் வேதமாணிக்கம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், சபையில் பாட்டுக்குழுத் தலைவர், மீதி நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையை நாசம் பண்ணுகிறவர். 1969 ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானமும் மேசையில் சோறு வைக்க இடமில்லை. கிட்டாருக்காக அவரே கட்டிய ஆம்ப்ளிஃபயர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. வால்வு கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர். விருதுநகரிலேயே இப்படி ஒன்று இதுதான் என்று அவருக்கு நினைப்பு. இருக்கலாம், நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவில்லை.

போன மாத வெயிலில் அதன் பெரிய டிரான்சிஸ்டர்கள் இரண்டும் எரிந்துபோயின. என் தம்பி மெட்ராஸில் அலைந்து இன்னொரு ஜோடி வாங்கி அனுப்பினான். அதைப் பற்றவைத்தாயிற்று. பாக்கி ஒரு வேலைதான். உள்ளே ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் குறைவாகத் திருப்பினால், மெதுவாக மீட்டும்போது ஒலியில் கரகரப்பு வரும். கூடுதலாகத் திருப்பினால் டிரான்சிஸ்டர் சூடேறிப் பொசுங்கும். கரகரப்பு போன இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். மீட்டுகிறவன் தன் காதை நம்பக் கூடாது, அவனுக்கு எல்லாம் இனிமையாகத்தான் கேட்கும் என்பது அவர் கட்சி. அதனால் அவர் திருப்புவார், நான் அடுத்த அறையில் நின்று கேட்டுச் சொல்ல வேண்டும். முப்பது பேர் சேர்ந்து பாடினாலும் எவள் சுருதி விட்டாள் என்று சொல்லிவிடும் காது என்னுடையது. அவர் என்னைக் கட்டிக்கொண்டதே அந்தக் காதுக்காகத்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள்.

அந்தக் காது போய்க்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து தாயில்பட்டிக்கு அம்மை குத்தப் போயிருந்தோம். நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டாசு ஷெட் வெடித்தது. அன்றைக்கு முழுக்கக் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டேன். காதுக்குள் கேட்ட இரைச்சல் சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நான் பிரசவ வார்டு நர்ஸ். தாயின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்து, பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். காது போன நர்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் சின்ன நர்ஸ் பாக்கியவதியை எண்ணவிட்டு, "நீ சரியா எண்றியான்னு பாக்கேன்" என்று பரீட்சை வைக்கிறவள் மாதிரி பக்கத்தில் நிற்பேன். அவள் சொன்னதை எழுதுவேன். வீட்டில் அவர் உதட்டையும் புருவத்தையும் பார்த்துப் பதில் சொல்லியே காலத்தை ஓட்டினேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அன்றைக்குப் பார்த்து அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"பூரணி, கரகரப்பு இருக்கா?" என்று உரக்கக் கேட்டார்.

கிட்டார் ஒலி பஞ்சில் சுற்றினது போல வந்தது. அதில் கரகரப்பு இருந்தாலும் எனக்குத் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. இல்லை என்று நான் சொல்லி, நாளைக்கு சபை நடுவே அது கரகரத்தால் அவர் மானம் போகும். இருக்கிறது என்று சொல்வதே பத்திரம், கூடிப்போனால் அவரே கையை எடுத்துவிடுவார் என்று பட்டது.

"இருக்கு."

திருப்பினார். மீட்டினார். "இப்ப?"

"இன்னும் கரகரக்குது."

"இப்பவுமா?"

"ஆமா, லேசா இருக்கு."

அவர் கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு திருப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பொசுங்கல் வாடை அடித்தது. மூக்கு எனக்கு நன்றாகவே வேலை செய்யும். ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். புது டிரான்சிஸ்டர் இரண்டும் போய்விட்டன.

"எனக்கு அப்பவே சுத்தமாக் கேட்டுச்சு" என்றார் என் முகத்தைப் பார்த்து. "நீ இருக்குன்னே. சரி, எனக்குத்தான் கேக்கலபோலன்னு திருப்புனேன். எனக்குக் காது மந்தமாயிருச்சு பூரணி. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் குருவானவர்கிட்ட சொல்லிருதேன். பாட்டுக்குழுவுக்கு வேற ஆளப் பாக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷமாக அவர் நடத்துகிற பாட்டுக்குழு. பீடி, சீட்டு, சினிமா எதுவும் தெரியாத மனுஷனுக்கு அது ஒன்றுதான் சந்தோஷம். நல்ல காதை வைத்துக்கொண்டு, என் பொய்யை நம்பி, அதையும் விடப் போகிறார்.

"ஒங்க காதுக்கு ஒண்ணுமில்ல. போனது என் காது" என்றேன். தாயில்பட்டியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஆஸ்பத்திரியில எப்படி எண்றே?"

"பாக்கியவதி எண்ணுவா. நான் எழுதுவேன்."

"அவ லீவு போட்ட அன்னைக்கு?"

அப்படி ஒரு நாள் இருந்தது. தை மாசம். விஸ்வநத்தத்திலிருந்து வந்த செல்லக்கனிக்குத் தலைப்பிரசவம். குழலை மூன்று தடவை வைத்தேன். என் காதின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரம்மா ஓடி வந்திருப்பார். நான் நூற்று நாற்பது என்று எழுதினேன். அந்த எண்ணை எழுதினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஒன்பதாம் மாசமும் கம்பெனிக்குப் போய்க் குனிந்து உட்கார்ந்து பட்டாசுக் குழாய் சுருட்டினதால்தான் பிள்ளை நசுங்கிச் செத்தது என்று மாமியார் வார்டிலேயே கத்தினாள். செல்லக்கனி அதை நம்பிவிட்டாள். நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கடவுள் சித்தம் என்றேன். பாவி நான், கடவுளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

இதையும் அவரிடம் சொன்னேன். அவர் அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"செல்லக்கனிகிட்ட போய்ச் சொல்லணும் பூரணி. நானும் வாரேன்."

"வேண்டாம். நான் தனியாப் போறேன்."

ஈஸ்டர் ஆராதனை கிட்டார் இல்லாமல் நடந்தது. திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலையையும் விட்டுவிட்டு, விஸ்வநத்தத்துக்கு பஸ் பிடித்தேன்.

செல்லக்கனி வாசலில் உட்கார்ந்து காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். "வாங்க நர்சம்மா, இங்கன இருங்க" என்று முறத்தை நகர்த்தினாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். அடிப்பாள், மயிரைப் பிடித்து இழுப்பாள், தெருவைக் கூட்டுவாள் என்று எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் விரலில் பசையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதடு அசைந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா."

எழுந்து என் கிட்டே வந்து, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அப்ப எம்பிள்ளைய நான் கொல்லலையா நர்சம்மா?"