கோடு தெரியாத பெட்டி

வினோதாவும் கௌதமும் மாலை நேர டிப்ளமோவுக்குச் சேர்ந்து செய்த புராஜெக்ட், வீட்டு டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டிகளில் முதலாவதாக வந்ததன் நகல். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெட்டிக்குச் சத்தம் கிடையாது, நிறம் கிடையாது. திரையில் இரண்டு வெள்ளைக் கட்டம், பந்தாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். டென்னிஸ் மைதானம் வேண்டுமென்றால் கோடு போட்ட வண்ண பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பாயிண்டையும் அது எண்ணாது. ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும்.

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து சால்டரிங் செய்தது முழுக்க வினோதா. கௌதம் அதன் வரலாற்றைப் படித்துப் பேச்சு தயாரித்தான். ஸ்கோர் காட்ட ஏதாவது வைக்கலாம் என்று அவன் கேட்டபோது அவள்தான் மறுத்தாள்.

"பழசுல இல்லாதத வச்சா அது எப்படி நகலாகும்? ஆடறவங்க வாய் எதுக்கு இருக்குது?"

பெங்களூர் கம்பெனி ஒன்று புராஜெக்ட்டோடு ஒருவரை மட்டும் வரச் சொன்னது. பிடித்துப்போனால் நிரந்தர வேலை. நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்த வினோதாவுக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. செய்தது நான்தானே என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலைக்கனம் என்பார்களோ என்று இருந்தது. வாத்தியார் பொன்னுசாமிக்கும் யார் பொல்லாப்பும் வேண்டாம். பெட்டியிலேயே ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள், பத்து முதலில் எடுப்பவர் போகலாம் என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

திரையில் ஒட்டியிருந்த தாளின் கோட்டை உரசிப்போன தன் பந்துகள் இரண்டையும் வினோதா தானாகவே அவுட் என்று சொன்னாள். அப்படியும் ஒன்பதுக்கு ஒன்பது வந்தது. அடுத்து கௌதம் அடித்த பந்து கோட்டைவிட்டு ஒரு விரற்கடை தள்ளிப் போனது. வகுப்பே பார்த்தது.

"உள்ள," என்றான் கௌதம்.

"நல்லாப் பாரு கௌதம். வெளியதான் போச்சு."

"மெஷின் சொல்லுச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். வினோதா மற்றவர்களைப் பார்த்தாள். வகுப்பில் பாதிப் பேரைக் கம்பெனிகளுக்கு அனுப்பும் கான்ட்ராக்டர் கௌதமின் அப்பா. பக்கத்து பெஞ்ச் மாதேஷ் தரையைப் பார்த்தபடி, "ஹோக்லி பிடு, வினோதா. விட்டுரு," என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னான்.

வாத்தியார் திரும்பி வந்து கௌதமின் கையைக் குலுக்கினார்.

மறுநாள் கௌதம் எண் காட்டும் டிஸ்ப்ளே ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

"ஸ்கோர் இல்லையான்னு அங்க கேப்பாங்க. நீயே மாட்டிக் குடுத்துரு."

இந்தத் தடவை அவள் நகல் என்று பேசவில்லை. மாட்டினாள். எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு இரண்டு பக்கக் குமிழையும் தானே திருப்பி ஆடிப் பார்த்தாள். பெட்டி ஒவ்வொரு பாயிண்டையும் சிவப்பில் காட்டியது. கோட்டுக்கு வெளியே போனதையும் சேர்த்துத்தான் காட்டியது.