பாங்காக்கில் ஒரு ரப்பர் பந்து

பேஸ்பால் என்பது ரப்பர் பந்தில் ஆடும் ஆட்டம் என்று என் மனைவி ஆண்டாளிடம் நான் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. ஒரு பொய் தனியாக நிற்காது, தெரியுமல்லவா. தலையில் எதற்குக் கவசம் என்று கேட்டாள், வெயிலுக்கு என்றேன். ஆட்ட வீடியோவில் ஏன் சத்தமே வரவில்லை என்று கேட்டாள். சத்தம் வைத்தால் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றேன். எல்லாம் எங்கள் மகள் இளமதிக்காகச் சொன்னவை. இதிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஆண்டாளிடம் எனக்கு இருக்கும் பயம்.

இளமதி ஸ்கூலில் கபடி ஆடி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்த அன்றே, இனி விளையாட்டு என்று சொல்லி வாசல் தாண்டக் கூடாது என்று ஆண்டாள் முடிவு கட்டிவிட்டாள். பிறகு இளமதி சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்தாள். அங்கே கிரிக்கெட் டீமில் இடமில்லை, பேஸ்பால் டீமில் ஆளில்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். போட்டுவிட்டு வந்துதான் ரப்பர் பந்து என்றேன். இளமதியானால் மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இந்த வருஷம் ஆசிய நாடுகள் ஆடும் போட்டிக்கு இந்திய டீமோடு பாங்காக் போய்விட்டாள். பந்தின் சங்கதி வெளியே வந்தால் அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அம்மா வா என்றால் வந்துவிடுகிற பெண் அவள்.

நானும் ஆண்டாளும் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். கரண்ட் போர்டில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. நான் சூளையில், அவள் செக்கிங்கில். வெந்து வரும் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்துத் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. நல்ல கட்டை ணங்கென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சொத்தென்று கேட்கும். தூக்கிக் குப்பையில் போடுவாள். இருபது வருஷமாகத் தட்டுகிறாள். அந்தக் காதிடம் நான் நான்கு வருஷம் தப்பித்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, சத்தமில்லாத வீடியோ.

அன்று இந்தோனேசியாவோடு ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. எங்கள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. என்னோடு சூளை பார்க்கும் பக்கிரி, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும்போதே பைக்கில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நம்ம வூட்டுப் புள்ள ஆடுது, ஊமப் படமாவா பாக்கறது?" என்றான்.

டேட்டா தீர்ந்துவிடுமே என்றேன். தன்னுடையது தீரவே தீராத பிளான் என்றான்.

அவன் போனைக் கட்டை அடுக்கின் மேல் சாய்த்து வைத்தோம். வர்ணனை பக்கிரி. எனக்கு அந்த ஆட்டத்தில் பாதிதான் தெரியும். பக்கிரிக்கு என் பாதியில் பாதி. அவன் நோ பால் என்று அறிவித்த இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல் பந்து மட்டையில் பட்டது. பெட்டியிலிருந்து கெட்டியாக ஒரு ணங். தயிர்ச்சோற்றோடு ஆண்டாளின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் சூளையின் வெப்பமானியைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. அவள் எதுவும் கேட்காமல் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மொத்தம் ஏழு சுற்று. கடைசிச் சுற்றில் ஆறுக்கு ஆறு. அடிப்பது நம் பக்கம். இரண்டு பேர் அவுட். மூன்று முனையிலும் நம் பெண்கள் ஓடக் காத்து நிற்கிறார்கள். அடிக்க வந்தவள் இளமதி. அன்று அதுவரை அவள் ஒன்றும் அடித்திருக்கவில்லை. அதில் என்னைக் கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. மேனேஜரே போனுக்கு முன்னால்தான் நின்றார். பக்கிரி வர்ணனையை நிறுத்திவிட்டான்.

மூன்றாவது பந்து நேராக அவள் மேலேயே வந்தது. முதுகைத் திருப்பினாள். தொப்பென்று ஒரு சத்தம். இளமதி மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நிமிஷம் நம் பெண்கள் எல்லாரும் கத்திக்கொண்டே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அழுகிறார்களா, சிரிக்கிறார்களா, அந்தச் சின்னப் படத்தில் தெரியவில்லை. ஆட்டமே நின்றுவிட்டது, பெரிய அடிதான் போலிருக்கிறது என்று பக்கிரி மெதுவாகச் சொன்னான். சம்மதக் கடிதத்தில் நான் போட்ட கையெழுத்து மட்டும் கண்முன் தெளிவாகத் தெரிந்தது.

ஆண்டாள் எழுந்து வந்தாள். தயிர்ச்சோறு காய்ந்த கையைக்கூட இன்னும் கழுவவில்லை.

"பெட்டியப் புடுங்கிட்டு அந்த எடத்தத் திருப்பி வையி," என்றாள் பக்கிரியிடம்.

போனை இடது கையால் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். படத்தைப் பார்க்கவே இல்லை. இன்னொரு தரம் என்றாள். இன்னொரு தரம்.

"சதையிலதான் பட்டுருக்குது. எலும்புக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல், "ரப்பரும் இல்ல."

அப்போதுதான் எனக்குத் தெரிந்த பாதியில் ஒரு விதி ஞாபகம் வந்தது. பந்து உடம்பில் பட்டால் அடிக்க வந்தவள் சும்மாவே முதல் முனைக்குப் போகலாம். எல்லா முனையிலும் ஆள் இருந்ததால் ஒவ்வொருத்தியும் ஒரு முனை தள்ளிப்போக, கடைசியில் நின்றவள் உள்ளே வந்து ஏழாவது ரன்னாகிவிட்டாள். அடி வாங்கியதால் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. என் வார்த்தைக்கு அன்று அவ்வளவுதான் மதிப்பு. பக்கிரி ஸ்கோரைக் காட்டிய பிறகுதான் கைதட்டல் கிளம்பியது.

அரைமணி கழித்து இளமதி என் போனுக்கு வீடியோ காலில் வந்தாள். ஆண்டாள் வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினாள். சுற்றச் சொன்னாள், முகம் சுளிக்காமல் சுற்றினாள். முதுகைக் காட்டச் சொன்னாள். தோளுக்குக் கீழே நீலமாக ஒரு வட்டம், அதற்குள் பந்தின் தையல்கூட அச்சாக விழுந்திருந்தது.

"ஒங்கப்பா நாலு வருசமா ரப்பர் பந்துங்கறாரு. நீயும் ஆமாம் ஆமாம்னே."

இளமதி தலை குனிந்தாள். நான் முன்பே குனிந்திருந்தேன்.

"அடுத்த ஆட்டம் என்னிக்கி?"

"நாளன்னிக்கிம்மா."

ஆண்டாள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அது ஏழு சுற்றாக இருந்தது.

"அவ்ளோ கெட்டிப் பந்துக்கு இப்படியா நிப்பாங்க? கொஞ்சம் நவுந்து நில்லு. போயி மொதல்ல சாப்புடு," என்றாள். போனை என் கையில் திணித்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

"அப்பா, அம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டா."

"நெசமாவா?"

"வேலையில உக்காந்துட்டா."

"அப்ப வலிக்குதுன்னு சொல்லலாமாப்பா?"

சொல்லு என்றேன்.

"ரொம்ப வலிக்குதுப்பா," என்றாள். அவ்வளவு நிம்மதியாக ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐஸ் வைக்கச் சொன்னேன். காவியா என்று கூட ஆடுகிற பெண் ஒருத்தி ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் இருக்கிறாளாம்.