மூச்சு வராமல் கால் நகராது

அந்தப் பொம்மையை ஆட்ட மூன்று பேர் வேண்டும். ஒருத்தி தலையையும் வலது கையையும் பிடிப்பாள். இன்னொருத்தி இடது கை. மூன்றாமவள் மேசைக்குப் பின்னால் இடுப்பை ஒடித்துக் குனிந்து இரண்டு குதிகால்களையும் பிடிக்க வேண்டும். மூன்று பேர் முகத்திலும் கறுப்புத் துணி. பேச்சு கூடாது, மூச்சு மட்டும் வேண்டும். பொம்மை அசைவதற்கு முன்னால் தலைக்காரி மூக்கால் 'ஹ்ம்' என்று இழுத்து, அதன் நெஞ்சைக் கொஞ்சம் உயர்த்துவாள். அதைக் கேட்டுத்தான் கையும் காலும் கிளம்பும். நாடக டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மைக் மூச்சே கொடுப்பதில்லை.

மைக் என்பது வகுப்பு வைத்த பெயர். பல் டாக்டர் வீட்டுப் பெண். பள்ளியில் எது நடந்தாலும் மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். அதனால் தலை அவளுக்கென்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அவள் நினைத்தபோது பொம்மையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். தலை போன பிறகு கால் அடித்துப் பிடித்து ஓடும். பார்க்கிறவர்களுக்குத் தலையின் தப்பு தெரியாது. தடுக்கி விழுகிற கால்தான் தெரியும்.

"குச்சி! காலு தூங்குதா?" என்பார் டீச்சர். வகுப்பு சிரிக்கும்.

கால்காரியான குச்சிக்குக் காலைப் பிடிப்பது பிடித்துப்போயிருந்தது. அதுதான் கொடுமை. முதலில் அவளும் முறைத்துக்கொண்டுதான் குனிந்தாள். போகப் போக, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள். வயதானவர்கள் எடுத்தவுடன் காலைத் தூக்குவதில்லை, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுகாலை இழுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். பொம்மையும் ஒரு வயதான பெரியவர்தான்; அதை அப்படியே அதற்குக் கொண்டுவந்தாள். அந்தப் பள்ளியில் 'உனக்கு இது வருமா?' என்று யாரும் கேட்காமல் அவளுக்கு வந்த ஒரே காரியம் அது.

ஒத்திகைக்கு முந்தின நாளும் கால் தடுக்கியது. டீச்சர் கையைத் தட்டி நிறுத்தினார்.

"நாளைக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைங்க முன்னாடி ஒத்திகை. அதுலயும் கால் லேட்டாச்சுன்னா நீ திரை இழுக்கப் போயிடு. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"அவ மூச்சு தர மாட்டேங்கறா டீச்சர்."

"குடுக்கறேனே! அவளுக்குக் காது கேக்கலையோ என்னவோ" என்றாள் மைக், துணியைத் தூக்கி முகம் காட்டி.

டீச்சர் இடது கைக்காரியைப் பார்த்தார். அவள் பஞ்சு. யார் அழுத்தினாலும் அமுங்குவதால் வந்த பெயர். "நீ சொல்லு. மூச்சு வருதா, இல்லையா?"

பஞ்சு தன் கையுறையைப் பார்த்தாள். "தெரியல டீச்சர்."

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் குச்சி அவளை மடக்கினாள். "தெரியலையா? உன் காதுல என்ன, அடைப்பா?"

"எனக்கெதுக்குடி வம்பு? அவகூடத்தான் ஒரே வேன்ல போகணும். நாளைலேர்ந்து ஒருத்தியும் எனக்கு எடம் போட மாட்டா."

"வேன்ல எடம் வேணும்னு என்னைத் திரை இழுக்க அனுப்பறியே, நல்லா இருப்படீ."

வீட்டில் அம்மா துணிக் கம்பெனியிலிருந்து வந்து, நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். நாள் முழுக்கச் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் காரியம் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வதுதான். குச்சி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"போய் சாரி டீச்சர்னு சொல்லிடு. வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"தப்பு அவளுதும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். எங்க லைன்லயும் வெட்டறவ கோணலா வெட்டுவா, காலர் வெக்கிற நான்தான் திட்டு வாங்குவேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்துப் போகல. கழுத்துதான் போச்சு."

அம்மா கழுத்திலிருந்து கையை எடுத்தாள். "இந்த வாயை வெச்சுக்கிட்டு எந்த வீட்டுல குப்பை கொட்டப் போறியோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் கூடம் நிறையச் சின்னப் பிள்ளைகள், தரையில் உட்கார்ந்து ஒருத்தரையொருத்தர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஓரமாகக் கைகட்டி நின்றார். திரைக் கயிற்றுப் பக்கத்தில் இன்னொரு பெண் கறுப்புக் கையுறையோடு தயாராக நின்றாள். அதைப் பார்த்ததுமே குச்சிக்குப் புரிந்தது. ஆள் பார்த்து வைத்தாயிற்று.

கதை சின்னதுதான். பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவு வரை நடந்து வெளியே போய்விடுவார். அவ்வளவுதான்.

எழுந்திருக்கும் இடத்தில் மூச்சு வரவில்லை. குச்சி எப்படியோ தட்டுத் தடுமாறிப் பிடித்துக்கொண்டாள். இடது குதிகால் மேசையில் 'டொக்' என்று இடித்தது. முன்வரிசையில் ஒரு சிரிப்பு. டீச்சரின் செருப்பு தரையில் ஒருமுறை தட்டியது குச்சிக்குத் துல்லியமாகக் கேட்டது. இன்னும் ஒரு தடவை. அதோடு தீர்ந்தது.

அடுத்தது நடை. கறுப்புத் துணிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. குச்சி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மூச்சு இல்லை. பொம்மையின் உடம்பு மட்டும் முன்னால் இழுபட்டது.

ஓடிப் பிடித்திருக்கலாம். கை பழக்கத்தில் ஓடத்தான் பார்த்தது. ஆனால் இன்னொரு தடவை ஓடினால் தடுக்கும், தடுக்கினால் திரைக்கயிறு. ஓடாவிட்டாலும் திரைக்கயிறுதான். எப்படியும் போகிறது என்றால், தன் தப்பில்லாமல் போகட்டும். குச்சி இரண்டு குதிகால்களையும் மேசையோடு அழுத்திப் பிடித்தாள்.

தலை போனது. கால் நின்றது. பொம்மை சாய்ந்து நீண்டது. கழுத்துத் தையல் கிர்ரென்று முனகியது.

"விடுடி" என்று மேலேயிருந்து பல்லைக் கடித்த குரல் வந்தது. குச்சி விடவில்லை. இழுப்பு கூடியது. கழுத்தில் ஒரு நூல் பட்டென்று அறுந்தது. பொம்மை இரண்டாகப் போனால் பள்ளிக்கூடமே அவள் பெயரைச் சொல்லும். அப்படியும் விடவில்லை.

அப்போது அவள் கண்ணெதிரே பெரியவரின் இடது கை மெதுவாகப் பின்னால் வந்தது. நாற்காலியின் கைப்பிடியைத் தேடியது. தொட்டது. இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பஞ்சு!

இழுப்பு நின்றது. கூடத்தில் கிள்ளலும் இல்லை, இருமலும் இல்லை. முன்வரிசையில் ஒரு சின்னக் குரல் மட்டும், "அவருக்குப் போக இஷ்டமில்ல" என்றது. "உஷ்" என்றது இன்னொன்று, அழுகிற மாதிரி.

மைக்குக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பெரியவரின் தலை திரும்பியது. பிடித்துக்கொண்டிருக்கும் தன் கையைப் பார்த்தது. பிறகு குனிந்து, நகராத தன் கால்களைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

ஹ்ம்.

குச்சி அதைக் கேட்டாள். நெஞ்சு உயர்ந்தது. கை நாற்காலியை விட்டது. அவள் பொம்மையின் எடையை ஒரு பக்கம் சாய்த்து, மறுகாலை இழுத்தாள். கதவு வரை ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வந்தது. ஓர் அடிகூடத் தடுக்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு மைக் துணியைப் பிய்த்தெறிந்தாள். "டீச்சர், இவ வேணும்னே நின்னா! கழுத்தைப் பாருங்க, தையலே விட்டுடுச்சு!"

"ஆமா, வேணும்னேதான் நின்னேன்" என்றாள் குச்சி. "மூச்சு வரல."

டீச்சர் பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சுவின் காது சிவந்திருந்தது. "வரல டீச்சர். ஒருநாளும் வந்ததில்ல. கடைசில கதவுக்குப் போறப்பதான் வந்துச்சு."

டீச்சர் பொம்மையை எடுத்துக் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. திரைக்கயிற்றுப் பக்கம் நின்றவளிடம், "நீ கையுறையைக் கழட்டிடும்மா" என்றார். பிறகு மூன்று பேரையும் பார்த்து, "மேடையில இதே மூணு பேர்தான். நாற்காலியைப் பிடிக்கிறது இருக்கட்டும். கால் நிக்கிறதும் இருக்கட்டும்."

'உன்னைத் தப்பா திட்டிட்டேன்' என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று குச்சி ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"டீச்சர்" என்றாள் குச்சி.

"என்ன?"

"மேடையில மூச்சு வரலைன்னா, கதவுகிட்டயும் நிப்பேன். அவர் வீட்டை விட்டே போக மாட்டார்."

தான் எறிந்த துணியை மைக் குனிந்து எடுத்தாள். நூலும் ஊசியும் எடுக்க டீச்சர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.