கவிழ்த்து வைத்த குடம்

“18-2-1968, ஞாயிறு. சௌல்தாரி. இன்று ஒரு சிறு தவறு. படத்துக்கு இடைஞ்சலாக வாசற்படியில் கவிழ்ந்திருந்த மண்குடத்தைக் கொல்லைப்பக்கம் வைத்தேன். திரும்ப எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.”

மாலை நேர இந்தி வகுப்பு நோட்டின் பின்பக்கங்களில்தான் திருநாவுக்கரசு டைரி எழுதுவது. ஞாயிறுதோறும் போர்ட் பிளேரில் பஸ் ஏறி, பெட்டிக் காமிராவோடு ஆளற்ற வீடு, துருவேறிய தகரக் கொட்டகை, யாரும் எட்டிப் பார்க்காத மூலை என்று தேடி அலைவான். அந்தச் சௌல்தாரி வீட்டில் குடம் இல்லாதபோதுதான் படத்தில் பாழ் முழுசாக வந்தது. பெருமை தாங்காமல் படத்தை ஆபீசில் காட்டினான்.

குடியேற்ற மனைகளைக் கவனிக்கும் ஆபீஸ் அது. மேலதிகாரி கோவிந்தராஜ், “அரே வா! காலி வீடுன்னா இப்படித்தான் இருக்கணும். காலி மனை லிஸ்டோட ஒட்டுப்பா” என்றார். அவனும் ஒட்டினான்.

மூன்று வாரம் கழித்து, மனையை வேறொருவருக்கு மாற்றப்போவதாகச் சொன்ன நோட்டீசோடு அந்த வீட்டுக்காரி ஞானசெல்வி வந்து நின்றாள்.

“மவ பிரசவத்துக்கு ரங்கத் போனேன் சார். குடத்தக் கவுத்து வச்சுட்டுல்லா போனேன்! கவுத்துன குடம் இருந்தா ஆள் திரும்பி வரும்னு அர்த்தம். எங்க பக்கத்து வீட்டு பெங்காலிக்காரிக்குக்கூட இது தெரியும்.”

கோவிந்தராஜ் படத்தை நீட்டினார். “இதுல குடம் எங்கேம்மா? கேமரா ஜூட் போலுமா, பொய் சொல்லுமா?”

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “எடுத்தது யாரு?” என்றாள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த திருநாவுக்கரசைக் கை காட்டினார்.

“தம்பி, நீயே சொல்லு. படியில குடம் இருந்துச்சா, இல்லையா?”

“ஞாபகம் இல்லைங்க.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அவனை முறைக்கவில்லை, சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

“அப்ப கொல்லைக்கு அதுவே நடந்து போயிட்டாக்கும். காலு மொளச்ச குடம்!”

கோவிந்தராஜும் சிரித்தார். ஃபைல் சனிக்கிழமை கையெழுத்துக்குப் போகும் என்றார்.

மாலை வகுப்பில் எல்லோரும் வினைச்சொற்களை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அவன் பின்பக்கத்தைத் திறந்தான். பிப்ரவரி பக்கத்தில் ‘சிறு’ என்பதை அடித்தான். பேனா காகிதத்தைக் கிழித்தது. கீழே எழுதினான்:

“14-3-1968, வியாழன். குடம் ஞாபகம் இருந்தது. இல்லையென்று பொய் சொன்னேன். நாளை: ஆபீஸ் திறந்ததும், குடத்தை நகர்த்தியது நான் என்று எழுதிக் கையெழுத்திட்டு கோவிந்தராஜ் சாரிடம் கொடுப்பது. சாட்சியாக இந்த நோட்டையும் கொடுப்பது. பிறகு அரை நாள் லீவு கேட்டு சௌல்தாரி பஸ்.”