பச்சை மரப் பெட்டி

ஷாதிபூரில் மரத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முடித்து வைப்பது திருநாவுக்கரசாகத்தான் இருக்கும். மர மில்லில் ஃபோர்மேன். பதினெட்டு வருடமாகப் படாக் மரம் அறுக்கிறவர். அந்தச் சிவப்பு மரத்தை அந்தமானில் நட்டதே தான்தான் என்பதுபோல் பேசுவார். யாராவது தேக்கைப் புகழ்ந்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

1969 ஜூனில் அவருடைய ஒரே மகன் சண்முகம் பத்து நாள் லீவில் வந்தான். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. அம்மாவுக்கு நைலக்ஸ் சேலை, அப்பாவுக்கு டார்ச் லைட். கூடவே ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு பாம்புக்குட்டி.

ஒன்றரைச் சாண் நீளம், சுண்டுவிரலைவிட மெலிது. ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள். அடிவயிறு சோளக்கதிர் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. துறைமுகத்தில் ஓர் அமெரிக்காக்காரன் கொடுத்தது, அவன் ஊரில் இதற்குச் சோளப்பாம்பு என்றே பேர், விஷமில்லை என்றான்.

"அமெரிக்காக்காரன் குடுத்தான்னா ஒரு ரேடியோவா பாத்து வாங்கிட்டு வரக்கூடாதாடா?" என்றாள் அம்மா விசாலாட்சி.

"ரேடியோ சத்தம் போடும்மா. இது போடாது. கேப்டன் பாத்தான்னா கடல்ல வீசிருவான். டிசம்பர்ல வந்து எடுத்துக்கறேன், அதுவரைக்கும் வச்சிருங்க."

வளர்க்கும் முறையையும் சொன்னான். பெட்டியில் ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் குளிர்ச்சியாக. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம். கிண்ணத்தில் தண்ணீர். வாரம் ஒருமுறை கண் திறக்காத எலிக்குஞ்சு ஒன்று. பால் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கேயும் இடுக்கு இருக்கக்கூடாது. தலை நுழைகிற இடத்தில் முழுப் பாம்பும் போய்விடும்.

"பழைய கண்ணாடித் தொட்டி ஒண்ணு போதும்பா," என்றான் சண்முகம்.

"கண்ணாடியா? மர மில் ஃபோர்மேன் வீட்டுலயா? நாலு பேர் என்னடா சொல்வாங்க?"

அறுத்த பலகை ஆறு மாதமாவது நிழலில் காய வேண்டும் என்று மில்லுக்கு வரும் புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். ஆனால் மகன் கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது. அவன் கண்ணெதிரே முடித்துக் காட்ட வேண்டும். அடைமழையில், முந்தின நாள் அறுத்த பலகையை வாங்கிவந்து, ஓர் ஆணிகூட அடிக்காமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்தார். ஒரு பக்கத்தின் அடியில் தகரம் தடுத்து பல்பு வைத்தார். இரண்டு கோடியிலும் வாசல் வெட்டிய சிரட்டையைக் கவிழ்த்தார். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதுக்குள்ளேருந்து காத்துகூட என்னைக் கேட்டுத்தான் வெளிய போகும்," என்றார்.

சண்முகம் மூடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். "காலாபானி ஜெயில் கைதிக்கே இப்படி மரம் போட்டிருக்க மாட்டாங்கப்பா."

அவன் போனான். அக்டோபரில் ரங்கூனிலிருந்து புறப்பட்ட அவன் கப்பல் கொழும்பு போய்ச் சேரவில்லை. புயல். மூன்று வாரம் கழித்து மெயின்லேண்டிலிருந்து கம்பெனிக் கடிதம் வந்தது: கப்பலையும் அதிலிருந்தவர்களையும் காணவில்லை.

திருநாவுக்கரசு கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, பலகையில் ஓட்டை தேடுகிறவர்போல் பார்த்தார். "செத்துட்டாங்கன்னு எங்க எழுதியிருக்கு? காணோம்னுதானே எழுதியிருக்கு."

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் மகன் அறையில் பெட்டியெதிரே உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, "இன்னிக்கு நல்லா சாப்பிட்டான்," என்றார். விசாலாட்சிக்கு யார் என்று புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்தபின் அவள் திருத்தவில்லை. பாம்பு சாப்பிடாத வாரங்களில் அவரும் சாப்பிடவில்லை.

தமிழர் சங்கச் செயலாளர் ஜெகநாதன், எந்தக் கூட்டத்தையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக முடிக்காதவர், இரங்கல் தீர்மானத்தை டைப் அடித்தே எடுத்து வந்தார். இரண்டு பக்கம். அதில் சங்கத்தின் சாதனைகள் ஒன்றரைப் பக்கம்.

"எதுக்கு இரங்கல்? அதான் உள்ள இருக்கானே, நல்லாத்தான் இருக்கான்," என்றார் திருநாவுக்கரசு.

ஜெகநாதன் திறந்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டியடியில் பல்பு எரிந்தது. உள்ளே ஏதோ மெதுவாக உரசி நகரும் சத்தம். தீர்மானத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாகராஜாதான் அண்ணே அது. வெள்ளிக்கிழமை பால் வச்சா..." என்று செருப்பைத் தேடியபடியே சொன்னார்.

"பால் குடிக்காதுங்க. சண்முகம் சொல்லிட்டுப் போயிருக்கான்," என்றாள் விசாலாட்சி.

டிசம்பர் வந்தது. போனது. பிப்ரவரி வெயிலில் மண் வெடித்தது. ஒரு காலை பெட்டி காலியாக இருந்தது. மூடி மூடியபடி, கொக்கி மாட்டியபடி. மூலையில் மட்டும், கோத்த பலகைகள் காய்ந்து சுருங்கி, ஓர் இடுக்கு விட்டிருந்தன. திருநாவுக்கரசு அதில் சுண்டுவிரலை விட்டார். நுழைந்தது. எடுக்காமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"மூடியைச் சரியா மூடலியா நீ?" என்றார் மனைவியிடம்.

மாட்டியபடி இருந்த கொக்கியை அவள் தொட்டுப் பார்த்தாள்.

"பரவாயில்ல. வீட்டுக்குள்ளதான் இருப்பான்."

மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டை அடைக்க ஆரம்பித்தார். ஜன்னல்களுக்குக் கம்பிவலை, அதன்மேல் பலகை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே சாக்கு. சாக்கடைக் குழிக்குக் கல். கதவடியில் பழைய வேட்டியை முறுக்கித் திணித்தார். மேற்கு அறையில் எந்நேரமும் பல்பு. கிழக்கு அறையில் தரையில் தண்ணீர் தெளித்து இருட்டு. வேலை முடிந்து அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் விசாலாட்சிக்கு உறைத்தது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, இடுக்கில்லை. நாமும் உள்ளேதான் இருக்கிறோம்.

வீடு பேச ஆரம்பித்தது. அந்தி சாய்ந்தால் தகரம் குளிர்ந்து நெட்டி முறிக்கும். அரிசி டின்னுக்குப் பின்னால் எதுவோ உரசும். தட்டில் வைத்த எலிக்குஞ்சு விடிந்தால் இருக்காது. எறும்பும் தின்றிருக்கலாம். கொடியில் தொங்கிய மகனின் சட்டை, காற்றே இல்லாத வீட்டில், ஒரு மாலை அசைந்தது. இருவருமே பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. பாம்பு உயிரோடு இருக்கிறது என்று அவர் நம்பினார். அது இருந்தால் அவனும் இருப்பான். அந்தக் கணக்கில் குற்றம் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

மார்ச் மாத நண்பகல் ஒன்றில் விறகெடுக்கக் கொல்லைக்குப் போனாள். அடுக்கின் நடுவே, இரண்டு கட்டைகளுக்கிடையில், பால் நிறத்தில் ஒரு தோல். மூக்கிலிருந்து வால்வரை முழுசாகக் கழன்றிருந்தது. கண் இருந்த இடத்தில்கூடக் கண்ணாடிபோல் இரண்டு செதில். அடிவயிற்றில் அந்தக் கட்டங்கள்.

உள்ளே கொண்டுபோய்க் கட்டிலடியில் போட்டுவிட்டால் போதும். அவர் இன்னும் ஒரு வருடம் நிம்மதியாக இருப்பார். கையில் ஏந்தியபடி சுவரோரம் நின்றாள். அடைத்த ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. காலி அறையில் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா சாப்பிடலியேடா. அப்பா மேல கோவமா?"

அவள் உள்ளே போனாள்.

"விறகுல கெடந்துச்சுங்க."

அவர் தோலை வாங்கிச் சாண் சாணாக அளந்தார். "ரெண்டரைச் சாண். நல்லா வளந்திருக்கான், பாத்தியா."

"வெளிய வளந்திருக்கு. நம்ம பெட்டியிலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல. நாம ரெண்டு பேருதான் உள்ள இருக்கோம்."

அவர் தரையில் உட்கார்ந்தார். தோலை மடியில் வைத்துக்கொண்டார். மரத்தைப் பற்றி அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"பச்சை மரம், விசாலம். சுருங்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். நீ சரியாத்தான் மூடியிருந்தே."

பிறகு எழுந்து கடப்பாரை எடுத்து ஜன்னல் பலகையைப் பெயர்த்தார். சாக்குகளை இழுத்துப் போட்டார். ஒரு மாதத்து இருட்டுக்குள் வெயில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. ஒருவழியாகத் தெளிந்துவிட்டார் என்று அவளுக்கு நெஞ்சு லேசானது. கடைசி ஜன்னலில் அவர் மூச்சு வாங்க நின்றார்.

"வெளியேருந்து பாத்தா எங்கயுமே வழி வைக்கலியே நான். இத்தனை நாளும் சுத்திச் சுத்தி வந்திருப்பான். எப்படி உள்ள வருவான்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கொல்லைக் கதவருகே குனிந்து, அடியில் திணித்திருந்த வேட்டியை உருவ ஆரம்பித்தாள்.