எட்டு மணி மாத்திரை

நான்கு வருடமாக என் நூடுல்ஸ் கடையில் கூச்சப்படாமல் உட்கார்ந்தது ஈக்கள் மட்டும்தான். லாரி ஓட்டப் போன இடத்தில் எச்.ஐ.வி.யை வாங்கிவந்து எனக்கும் கொடுத்துவிட்டு என் புருஷன் செத்துப்போனான். சாவு வீட்டுக்கு வந்த ஊர்த்தலைவர் பூன்தா, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஒலிபெருக்கியில், "காம்புய் கையால யாரும் எதுவும் சாப்பிடாதீங்க" என்றார். காம்புய் நான்தான்.

ஆஸ்பத்திரி நர்ஸ்தான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். ரத்தத்தில் காவல் நிற்கும் அணுக்களுக்கு உத்தரவு போடும் தலைவர்கள் உண்டாம். இந்தக் கிருமி நேராக அவர்கள் வீட்டுக்குள்தான் நுழையுமாம். அவர்களை வைத்தே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்துகொண்டு, அவர்களையே தீர்த்துக்கட்டுமாம். முதலில் ஒரு காய்ச்சல், தோலில் தடிப்பு. அது தானாகப் போய்விடும். பிறகு எட்டு, பத்து வருடம் ஆள் கிண்ணென்று இருப்பான். தலைவர்கள் குறைந்த பிறகு காசநோய், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு என்று கண்டதெல்லாம் உள்ளே வரும். மாத்திரை போட்டால் தடுக்கலாம். ஆனால் காலை எட்டு, இரவு எட்டு, நேரம் தவறக் கூடாது.

காலையில் எனக்குக் கடிகாரம் வேண்டாம். எங்கள் நாட்டு வழக்கப்படி எதிர்வீட்டு ஊர்த்தலைவர் சரியாக எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போடுவார். ஊரே அசையாமல் நிற்கும். நான் விழுங்குவேன்.

போன மாதம் இரவு எட்டுக்கும் ஒலிபெருக்கி அலற ஆரம்பித்தது. "அடுப்ப அணைங்க, கதவப் பூட்டுங்க!" என்ன பொறுப்பு என்று ஊர் மெச்சியது. காலை எட்டு, இரவு எட்டு யாருடைய கணக்கு என்று எனக்குத் தெரியாதா? சிரிப்பு தாங்கவில்லை.

நாலாம் நாள் தலைவர் கடையின் பின்பக்கமாக வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"மாத்திரை போட்டா குமட்டுதே. உனக்கும் அப்படித்தானா?"

"எந்த மாத்திரை தலைவரே? சத்து மாத்திரையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"சொல்லல. நாளைக்குப் பாட்டு முடிஞ்சதும் என் கடை முன்மேசைல உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் உங்க சம்சாரம் செங்லாவக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாருங்க."

முதலாவதை மறுநாளே செய்தார். ஊர் பார்க்க ஒரு கிண்ணம் நூடுல்ஸ் முழுதும் சாப்பிட்டு முடித்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. பத்து மணிக்குள் என் பானை காலி. அவருடைய துணிச்சலைப் பாராட்டி மாவட்ட அதிகாரி கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார். பாத்திரம் கழுவியது நான்.

இரண்டாவதைக் கேட்டால், "நாளைக்கு" என்பார். கேட்கும்போதெல்லாம் அதே நாளைக்கு.

இன்று செங்லாவே வந்தாள். கடையில் உட்கார இடமில்லை. நெருக்கிக்கொண்டு அமர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு தைரியம், பாத்தீங்களாக்கா!" என்றாள். இரண்டு வாய் சாப்பிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். "இறங்க மாட்டேங்குது. ஒரு வாரமா காய்ச்சல். கழுத்துல பாருங்க, தடிப்பு. மழை நாளு இல்லையா."

எனக்கும் முதன்முதலில் அங்கேதான் தடித்தது. எதிர்வீட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அதில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கடையில் மறுபடி ஈதான்.

அடுப்பை அணைத்தேன்.

"என்னக்கா, வியாபார நேரத்துல?"

"பஸ் வர நேரம். என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேனே."

"அவர் உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"

செங்லா என்னையே பார்த்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது.